ஒன்பதாவது வரி

வகுப்புக்குள் நுழைந்ததும் அவள் முதல் வேலையாகச் செய்வது பேனாக்களைப் பிடுங்குவதுதான். தலையில் அழுத்தினால் டிக்கென்று முனை வெளியே வருமே, அந்த ரகப் பேனாக்களை மட்டும். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேசை மேசையாக நீட்டிக்கொண்டு போவாள். வந்திருப்பவர்கள் பேனாவைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பென்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். "வரையும்போது தப்பு வந்தா அழிக்கணும்ல, அதான்" என்பாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அப்படியானால் மூடி போட்ட பேனாவை ஏன் விட்டுவைக்கிறாள் என்று இந்த ஏழு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வளர்ந்தவர்கள் ஒரு டீச்சருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட அடக்கமாகிவிடுகிறார்கள்.

பயிற்சி மையத்தின் இரண்டாம் மாடி. சனிக்கிழமைகளில் காலை பத்திலிருந்து நாலு மணி வரை, பன்னிரண்டு வாரம். பாடத்தின் பெயர் அறிவிப்புப் பலகையில் இரண்டு வரிக்கு நீளும். அவள் சொல்வது சுருக்கம்: "ஒரு பொருளை நிஜமா செய்றதுக்கு முன்னாடி, பொய்யா ஒண்ணு செஞ்சு பாக்குறது." அந்தப் பொய்க்குப் புரோட்டோடைப் என்று பெயர். அவள் கரும்பலகையில் 'மாதிரி' என்று எழுதிப் போடுவாள். வகுப்பில் எல்லோரும் டம்மி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அதுவே பிடித்திருந்தது. டம்மி என்று சொன்னால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

டிசைன் படித்தவர்கள் ஒருவரும் வருவதில்லை. வேலை செய்யும் இடத்தில் ஏதோ ஒன்று வருஷக்கணக்கில் உயிரை வாங்கிக்கொண்டிருக்கும், அதைத் தானே சரிசெய்து பார்த்தால் என்ன என்று தோன்றியவர்கள் வருவார்கள். இந்த முறை பதினொரு பேர். தையல்காரம்மா ஒருத்தி, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவள். ஒரு கணக்காளர், அட்டையை வெட்டுவதற்கு முன் ஸ்கேலை நாலு தரம் வைத்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் தரம் கோணலாக வெட்டுகிறவர். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக வார்டு உதவியாளராக இருக்கும் ஒரு பெண்மணி. அவளை எல்லோரும் வார்டக்கா என்றார்கள். டீச்சரான அவளுக்கு அட்டை மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் காதில் விழும்படி.

முதல் நாள் கணக்காளர் எழுந்து நின்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். "மேடம், நான் ஒரு கோடு போட்டா அது மூணு ஊர் சுத்திட்டு வரும்."

"வரட்டும் சார். அசிங்கமா இருக்கிறதுதான் இங்க நல்லது. பாக்குறவங்க இது நிஜம்னு நினைச்சிடவே கூடாது."

"அது எனக்குப் பிறவியிலேயே இருக்கு" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அசிங்கமாக இருக்க வேண்டும் என்பதற்குப் புத்தகங்களில் வேறு காரணம் சொல்லியிருக்கும். மாதிரி அழகாக இருந்தால் பார்க்கிறவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள், முரட்டு அட்டையாக இருந்தால் தாராளமாகத் திட்டுவார்கள் என்று. அவளும் அதைத்தான் பாடமாகச் சொல்வாள். அவளுடைய சொந்தக் காரணம் எட்டு வருஷமாக அவளுக்குள்ளேயே கிடந்தது.

அப்போது அவள் ஆஸ்பத்திரிச் சாமான்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தாள். படுக்கையில் இருக்கும் நோயாளி நர்ஸைக் கூப்பிடுவதற்கான அழைப்பு மணி, தண்ணீருக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று மூன்று பொத்தான்கள். அதற்கு அவள் ஒரு டம்மி செய்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, உள்ளே மூன்று பேனாக்களின் ஸ்பிரிங்கைப் பொருத்தினாள். அழுத்தினால் டிக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் அவளுக்கு அவ்வளவு பெருமை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவர் அழுத்துவார், அவளே மிஷினாகவும் நர்ஸாகவும் இருந்து "இதோ வந்துட்டேங்க" என்று எழுவாள். அவருக்கு ஒரே சிரிப்பு. பழக்கத்தில் கை நிஜ மணிக்குப் போய்விடக் கூடாது என்று அதன் வயரைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தாள். சோதனையில் அது முறைதான். பன்னிரண்டரைக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம், இன்னொரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்று டம்மியை அவர் தலையணையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் இழுத்துக்கொண்டே போய், அவள் திரும்பியபோது மணி மூன்றே முக்கால். கட்டில் காலியாக இருந்தது. தனியாக எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்திருக்கிறார், விழுந்து தலையில் அடி. இரண்டாம் நாள் இறந்துபோனார். ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதுகூட இல்லை. அந்தக் காலிக் கட்டில் முன் நின்று அவள் செய்த காரியம்தான். டம்மியை எடுத்துப் பைக்குள் போட்டாள். தலைமாட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த நிஜ மணியை அவிழ்த்துத் தலையணை மேல் வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விசாரிக்க வந்தவர்கள் மணி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதையும், அழுத்தினால் அடிப்பதையும் பார்த்தார்கள். பணியில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். "மணி அடிக்கவே இல்லைங்க" என்று அந்தப் பெண் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று. யாரும் நம்பவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்து டம்மியைத் திறந்து பார்த்தபோது மூன்றாவது பொத்தான் உள்ளே அழுந்திப்போய், மேலே வராமல் நின்றிருந்தது. எத்தனை தடவை அழுத்தியிருந்தால் ஒரு ஸ்பிரிங் அப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் மத்தியான நேரத்தில் வீடு அமைதியாக இருக்கும்போது, அடுத்த அறையிலிருந்து அந்த டிக் சத்தம் கேட்கும். அவசரமில்லாமல், விட்டு விட்டு, பொறுமையாக. போய்ப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவளால் போய்ப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

நாலாவது வாரம், ஆளுக்கொரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். வார்டக்கா எழுந்து, "படுத்த படுக்கையா இருக்கிறவங்க கூப்பிட ஒரு மணி, மேடம்" என்றாள்.

அவள் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். "அது ஏற்கெனவே நிறைய பேர் செஞ்சதாச்சே அக்கா. மருந்து டப்பா மாதிரி ஏதாவது எடுத்துக்கலாமே."

"செஞ்சவங்க யாரும் படுத்துப் பாத்ததில்ல மேடம். எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வலது கை, கால் வராது, பேச்சும் போச்சு. பக்கத்துல தட்டும் கரண்டியும் வச்சிருக்கேன். ஏதாச்சும் வேணும்னா தட்டுவாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டிப் பாக்கும். தட்டித் தட்டி அவருக்கே வெட்கமா இருக்கு. பிச்சை கேக்குற மாதிரி இருக்குன்னு கையால காட்டுறாரு."

இதற்கு மேல் என்ன சொல்லி மறுப்பது. லிஃப்ட் மெக்கானிக்கும் அக்காவோடு சேர்ந்துகொண்டார். அங்கேதான் வினை. அந்த மனிதருக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. அட்டையை அறுத்து, விளிம்பை உருட்டி, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பெட்டி செய்தார். கழித்துப் போட்ட லிஃப்ட்டிலிருந்து எடுத்த நிஜப் பொத்தான் ஒன்றை அதில் பதித்தார். வயரும் கிடையாது, மணியும் கிடையாது, ஆனால் அழுத்தினால் எங்கோ ஒரு லிஃப்ட் கிளம்பிவிடும் போல இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"இவ்வளவு அழகு வேண்டாம் சார். டம்மின்னு பெருசா மேல எழுதுங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் கதவிடுக்குல யார் விரலும் மாட்டாம பாத்துக்கிட்ட கை மேடம் இது. தலைகீழா நின்னாலும் அசிங்கமா செய்ய வராது" என்று சொல்லிவிட்டு, அவள் மனம் கோணாமல் எழுதவும் எழுதினார். பெட்டிக்கு அடியில், பொடி எழுத்தில்.

எட்டாவது வாரம் சோதனைத் தாளைக் கொடுத்தாள். ஒரு பக்கத் தாள், எட்டு வரி. பொருளை யாருக்காகச் செய்தீர்களோ அவரிடமே கொடுங்கள், எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தராதீர்கள், இப்படிப் போகும். நான்காவது வரி: 'பழைய பொருளைக் கண்ணில் படாதபடி எடுத்து வையுங்கள்.' எட்டாவது வரி: 'நன்றி சொல்லுங்கள்.' பழைய கம்பெனியில் வைத்திருந்த சோதனைத் தாளை அப்படியே எடுத்து எழுதியதுதான். ஒன்பதாவதாக ஒரு வரி அதில் வேண்டும் என்று அவளுக்கு ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் தெரியும். பழைய பொருளை எடுத்த இடத்தில் திரும்ப வையுங்கள், மாதிரியை உங்களோடு கொண்டுவந்துவிடுங்கள். ஒன்பதே வார்த்தை. எழுத உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்பது போலிருக்கும். இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும், எல்லோரும் செய்வார்கள் என்று தாளை மூடிவிடுவாள்.

அடுத்த சனிக்கிழமை சோதனை முடிவுகளைச் சொல்லும் நாள். தையல்காரம்மா, கணக்காளர் எல்லாம் முடிந்து, வார்டக்காவின் முறை வந்தபோது மணி இரண்டரை. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தாள். கை காலியாக இருந்தது.

"வாரம் பூரா டியூட்டி மேடம், இன்னிக்குக் காலையிலதான் டெஸ்ட் பண்ணேன். பண்ணிட்டு நேரா இங்க ஓடி வந்தேன். அவருக்கு அவ்ளோ பிடிச்சிருச்சு. அழுத்துறாரு, நான் சமையல் ரூம்ல இருந்து வர்றேன், மறுபடி அழுத்துறாரு. சின்னப் புள்ளையாட்டம்."

"டம்மி எங்க அக்கா?"

"அவர்கிட்டதான் இருக்கு. கையை விட்டுத் தர மாட்டேன்னுட்டாரு."

"தட்டு?"

"அதான் நாலாவது வரியில போட்டிருந்தீங்கல்ல. கரண்டியோட எடுத்து சமையல் ரூம்ல வச்சேன்."

"திரும்ப வச்சீங்களா?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்தபடியே கணக்குப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போய்விடுவாள். அதற்குப் பிறகு தட்டுச் சத்தம் கேட்டால்தான் வருவாள். லிஃப்ட் மெக்கானிக் அதற்குள் அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்டு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்தேன் பாருங்க."

"நீங்க மறக்கல அக்கா. அந்தத் தாள்ல இல்ல."

"எத்தனையோ எழுதறீங்க. ஒண்ணு விட்டுப்போறதுதான்."

"விட்டுப்போகல." முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரிஞ்சேதான் எழுதல."

முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் சொல்ல வந்ததோ என்னவோ. எட்டு வருஷம் மென்று விழுங்கியதை அவள் காற்றைப் பார்த்துச் சொன்னாள். பெரியவரை, பேனா ஸ்பிரிங்கை, கட்டிவைத்த வயரை, காலிக் கட்டிலை. தலையணை மேல் மணியை எடுத்து வைத்ததைச் சொல்லும்போது ஸ்கூட்டர் ஒருமுறை ஆடியது. தோளில் இருந்த கை இறுகவும் இல்லை, விலகவும் இல்லை. சிக்னலில் நின்றார்கள். விளக்கு மாறியதும் அக்கா கேட்டாள்.

"அந்த நர்ஸ் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

"தெரியாது."

"தேடுனீங்களா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"மணி அடிச்சும் நான் எழுந்து போகாத நாள் இருக்கு மேடம்" என்றாள் அக்கா, அவள் காதருகே. "கால் வலி, ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போலாம்னு. அது என் பாவம், நான் சுமக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு மணி அடிக்கலன்னு சொல்லிச்சு. நிஜமாவே அடிக்கல. அந்தப் பொண்ணு சொன்னதே அந்த ஒண்ணுதான்." கொஞ்ச தூரம் போனதும், "எங்க ஆளுங்களுக்குள்ள எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாலு பேர்கிட்ட கேட்டா இருக்கிற இடம் தெரிஞ்சிடும். கேக்கட்டுமா?" என்றாள்.

அவள் பதில் சொல்வதற்குள், "இங்க, வலது பக்கம், அந்த நீலக் கதவு" என்று அக்காவே கையை நீட்டினாள். அவள் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

உள்ளே ஒரு அறை, அதற்குப் பின்னால் சமையலறை, ஜன்னலோரமாகக் கட்டில். அவர் பாதி நழுவி விளிம்பில் கிடந்தார். ஒரு கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. தண்ணீர்க் குவளை உருண்டு சுவரோரம் போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இடது கையில் அந்தப் பெட்டி. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அக்கா "ஐயோ, என்னங்க" என்று பாய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். அவருடைய முகத்தின் இடது பாதி மெல்ல மலர்ந்தது. பெட்டியைத் தூக்கிக் காட்டி, தொண்டைக்குள்ளிருந்து ஆ, ஆ என்றார். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சொல்றாரு தெரியுதா மேடம்? அழுத்தினேன், வந்துட்டீங்களேன்றாரு."

அவள் போய் அவருடைய நழுவிய காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். பிறகு இருவருமாக அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றினார்கள். அவர் தோள் எலும்பு அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் தூக்கம் கலைந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றாள். நிலைமையைப் பார்த்ததும் கை வாய்க்குப் போயிற்று.

"அக்கா, சத்தியமா தட்டுச் சத்தமே கேக்கலக்கா. தூங்குறாருன்னு நெனச்சேன். கேட்டிருந்தா வராம இருப்பேனா?" அந்தப் பெண் வார்டக்காவையும் இந்தப் புது மனுஷியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிஜமா கேக்கலக்கா."

அக்கா ஸ்பூனை நிறுத்தினாள். அக்கா தனக்காகத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"கேட்டிருக்காதும்மா" என்றாள் அவள். "தட்டு அவர்கிட்ட இல்ல. அதை எடுத்து வைக்கச் சொன்னது நான். உன் மேல ஒரு தப்பும் கிடையாது." சொல்லி முடித்த பிறகும் போதாது போலிருந்தது. "யார் கேட்டாலும் நான் சொல்றேன்" என்றாள்.

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினாள். எடுத்து வைக்கச் சொன்னவளே சமையலறைக்குப் போய்த் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து கட்டிலில் அவருடைய இடது பக்கம் வைத்தாள். பிறகு குனிந்து பெட்டியை மெதுவாக வாங்கப் பார்த்தாள். அவர் விரல்கள் விடவில்லை.

"அண்ணே, இது டம்மி. உள்ள ஒண்ணுமே இல்ல. நீங்க அழுத்தினதால நாங்க வரல. இதை அழுத்தினா யாரும் வர மாட்டாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விவரம் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. ஒருத்தரல்ல, மூன்று பேர் வந்து சுற்றி நிற்கிறார்கள், இவள் என்னவோ சொல்கிறாள்.

"அக்கா" என்றாள் அவள், அவர் கையை விடாமல். "கேளுங்க. அந்த நர்ஸ் எங்க இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

அக்கா சரியென்று சொன்னாளா, இல்லையா, அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக அவர் பொத்தானை இன்னொரு தடவை, நன்றாக, கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்தினார். அழுத்திவிட்டு முகத்தைத் திருப்பித் திறந்திருந்த நீலக் கதவைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார். அவர் கையைப் பிடித்தபடியே அவளும் திரும்பி வாசலைப் பார்த்தாள்.